வங்கிகளுக்கு மேலே ஒரு வங்கி: ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு எதுவரை நம்மைக் காக்கும்?

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி. கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்த யாரும் இனி ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற அறிவிப்பு அந்த நேரத்திலிருந்து அமலுக்கு வந்தது. மருத்துவச் செலவு, மேற்படிப்பு, திருமணம் போன்ற அவசியங்களுக்கு மட்டும் தனி அனுமதி பெற்று 5 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். அடுத்த நாள் காலையில் கிளைகளின் வாசலில் கூட்டம். நிக்காஹுக்குப் பணம் போட்டு வைத்தவர்களும், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தைச் சேர்த்து வைத்த பெற்றோரும், கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டிய வியாபாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். 1926-ல் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் வங்கி அல்ல, தங்கள் ஊரின் பெயர்.

பத்தே நாள்களில், நவம்பர் 27-ம் தேதி, அந்த வங்கி சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. தடை விலகியது. சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்களின் 20,000 கோடி ரூபாய் டெபாசிட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் பூஜ்யமாக எழுதப்பட்டது. தாத்தா காலத்துப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த கரூர்க் குடும்பங்களுக்கும் அதே கதிதான்.

பணம் போட்டவரைக் காப்பாற்றி, பங்கு வாங்கியவரைக் கைவிட்ட இந்த முடிவை எடுத்தது யார்? தடை ஆணையைப் பிறப்பித்தது மத்திய அரசு. அதைக் கேட்டு விண்ணப்பித்ததும், இணைப்புத் திட்டத்தைத் தயாரித்ததும் இந்திய ரிசர்வ் வங்கி. நம்மில் பலருக்கு ரிசர்வ் வங்கி என்றால் ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுகிற கவர்னர்தான் நினைவுக்கு வருவார். நம் சேமிப்பு நாளைக்கும் இருக்குமா என்பதோடு அதிகத் தொடர்புள்ள அதன் வேறொரு வேலையை, அதாவது வங்கிகளை ஒழுங்குபடுத்தும் வேலையை, இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அர்பத்நாட் முதல் பாலாய் வரை

வங்கிக்கு ஒரு மேலாள் தேவை என்ற பாடத்தை அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. 1906 அக்டோபரில், அன்றைய மதராஸின் பெரிய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி ஒரே நாளில் கதவை மூடியது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், ஜமீன்தார்கள், சிறு வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியின் கணக்கைச் சோதிக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கவில்லை. அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி.

1934-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது. முதலில் அது தனியார் பங்குதாரர்களைக் கொண்ட வங்கி; 1949 ஜனவரி 1-ல்தான் அரசுடைமையானது. தொடக்கத்தில் மற்ற வங்கிகளை அதட்டிக் கேட்கும் சட்ட பலம் அதனிடம் அதிகம் இல்லை. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தபோது இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 1949-ல் வந்த வங்கிக் கம்பெனிகள் சட்டம்தான் உரிமம் கொடுக்க, ரத்து செய்ய, கணக்குகளைச் சோதிக்க அதிகாரம் தந்தது. பின்னர் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர் மாறிய அந்தச் சட்டமே இன்றும் அடித்தளம்.

1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கியை மூட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வங்கி மூடப்பட்டது, மக்கள் கொதித்தார்கள். மூடுவதைத் தவிர வேறு வழியே சட்டத்தில் இல்லையா என்ற கேள்வி எழுந்தது. அதன் பிறகுதான், நலிந்த வங்கியைத் தற்காலிகமாக முடக்கி, வேறொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் சட்டத்தில் சேர்ந்தது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடும் வந்தது. 60 ஆண்டுகள் கழித்து லட்சுமி விலாஸ் வங்கிக்குப் பயன்பட்டது அந்தச் சட்டப் பிரிவுதான்.

என்னதான் பார்க்கிறார்கள்?

ஒரு வங்கி எப்படி நலிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ரிசர்வ் வங்கியின் விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

வங்கி ஒன்று 100 ரூபாய் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி நாம் போட்ட டெபாசிட். ஒரு சிறு பகுதி மட்டும் வங்கி உரிமையாளர்களின், அதாவது பங்குதாரர்களின் சொந்த மூலதனம். கடன் வாங்கியவர்களில் சிலர் திருப்பித் தராவிட்டால், அந்த நட்டம் முதலில் விழுவது இந்த மூலதனத்தின் மேல். மூலதனம் 10 ரூபாய் என்றால் 10 ரூபாய் வாராக்கடன் வரை டெபாசிட் போட்டவருக்கு ஆபத்தில்லை. 11-வது ரூபாய் நம்முடையது. அதனால்தான் கடன்களின் அபாய அளவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் குறைந்தது 9 ரூபாயும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு அடுக்காக இரண்டரை ரூபாயும் சொந்த மூலதனம் இருக்க வேண்டும் என்று வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2020 செப்டம்பர் இறுதியில் லட்சுமி விலாஸ் வங்கியின் இந்த விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. பங்குதாரர்களுக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு இதுதான் பதில். அவர்கள் மூலதனம் ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. ரிசர்வ் வங்கி அதைக் காகிதத்தில் எழுதியது, அவ்வளவுதான்.

மூலதனம் ஒரு பக்கம் இருக்க, எல்லா டெபாசிட்டையும் கடனாகக் கொடுத்துவிடவும் கூடாது. வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடமே ரொக்கமாக வைக்க வேண்டும். இதற்கு வட்டி கிடையாது. 2025-ல் இது 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இன்னும் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம், தங்கம், ரொக்கம் என்று எளிதில் பணமாக்கக் கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வாராக்கடன். தவணையோ வட்டியோ 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் அந்தக் கடனை வாராக்கடன் என்று வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறையில், பெரிய கடனாளிக்குப் புதுக் கடன் கொடுத்து அதைக் கொண்டே பழைய தவணையைக் கட்ட வைக்கும் வித்தை பல வங்கிகளில் நடந்தது. 2015-ல் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது எல்லாப் பெரிய வங்கிகளின் கடன் ஏடுகளையும் ஒரே நேரத்தில் சோதிக்க உத்தரவிட்டார். மூடி வைத்திருந்தது வெளியே வந்தது. வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. கெட்டுப்போனதை ஒப்புக்கொண்ட பிறகுதான் சுத்தம் செய்ய முடிந்தது. 2025 மார்ச்சில் அது 2.3 சதவீதமாக இறங்கியிருந்தது. ஒரே கடனாளி பல வங்கிகளில் கடன் வாங்கி ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைப்பதைத் தடுக்க, 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடன்கள் எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஒரு தகவல் களஞ்சியத்தையும் 2014 முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது.

இவை தவிர, தனியார் வங்கிகளின் தலைமை அதிகாரி நியமனத்துக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். தேவைப்பட்டால் நிர்வாகிகளை நீக்கலாம், இயக்குநர் குழுவையே கலைக்கலாம், அபராதம் போடலாம், புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்காதே என்று தடுக்கலாம். 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய டெபாசிட் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது நாட்டின் கடைவீதிகள் எல்லாம் பரபரத்தது நினைவிருக்கும்.

கரூரில் எப்போது தெரிந்தது?

லட்சுமி விலாஸ் வங்கி பல ஆண்டுகள் சிறு தொழில், வியாபாரக் கடன்களில் நின்ற வங்கி. பெரிய நிறுவனங்களுக்குப் பெருந்தொகை கொடுக்கும் பாதையில் இறங்கிய பிறகு சரிவு தொடங்கியது. ரெலிகேர் குழுமத்தின் நிதி நிறுவனம் ஒன்று வைத்திருந்த சுமார் 794 கோடி ரூபாய் டெபாசிட்டின் மேல் கொடுத்த கடன் தொடர்பாக மோசடிப் புகார் எழுந்து வழக்கானது. வாராக்கடன் கொடுத்த கடனில் கால் பங்கை எட்டியது.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அந்த வங்கியை ‘உடனடித் திருத்த நடவடிக்கை’ என்ற கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. அதே அக்டோபரில், இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணைய வங்கி கேட்ட அனுமதியை மறுத்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே பொதுக்குழுவில் நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். மற்றொரு நிதி நிறுவனத்துடன் நடந்த பேச்சும் முடிவுக்கு வரவில்லை. அதன் பிறகுதான் நவம்பர் 17.

ரிசர்வ் வங்கி தாமதித்ததா? என் கருத்தில், டெபாசிட்தாரர் கோணத்திலிருந்து பார்த்தால் இது நன்றாக முடிந்த கதை. பங்குதாரர் கோணத்திலிருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மூலதனம் முழுவதும் கரையும்வரை வேறொரு மீட்பரைத் தேட அவகாசம் கொடுத்துக்கொண்டே போனார்கள். முன்பே இணைத்திருந்தால் சிறு பங்குதாரருக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியை முடக்கியபோது பங்குதாரர்களைப் பூஜ்யமாக்கவில்லை. ஸ்டேட் வங்கி தலைமையில் புது மூலதனம் போட வைத்து, 13 நாளில் தடையை நீக்கினார்கள். ஆனால் அங்கே 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு வகைக் கடன் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. அந்தப் பத்திரங்களை ‘நிரந்தர வைப்பு போலத்தான்’ என்று சொல்லி முதியவர்களிடம் விற்றார்கள் என்ற புகார் எழுந்தது. வங்கிக் கிளைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாலேயே அது டெபாசிட் ஆகிவிடாது. பங்கு, பத்திரம், காப்பீட்டுத் திட்டம், மியூச்சுவல் ஃபண்டு எதையும் வங்கி ஊழியர் விற்கலாம். அவற்றுக்கு டெபாசிட்டின் பாதுகாப்பு கிடையாது.

5 லட்சம் என்ற கோடு

வங்கி காப்பாற்ற முடியாமல் போனால் மிஞ்சுவது காப்பீடு. ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம் இதை நடத்துகிறது. 1962-ல் தொடங்கியபோது பாதுகாப்பு 1,500 ரூபாய். 1993 முதல் 1 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். பிரீமியத்தை வங்கிதான் கட்டும். நாம் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை.

சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு எல்லாம் இதில் அடங்கும். வட்டி வேண்டாம் என்று நடப்புக் கணக்கில் மட்டும் பணம் வைத்திருப்பவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வட்டிக்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை.

கணக்கிடும் விதம்தான் பலருக்குத் தெரியவில்லை. 5 லட்சம் என்பது ஒரு கணக்குக்கு அல்ல. ஒரு வங்கியில் ஒருவருக்கு. அதே வங்கியின் நான்கு கிளைகளில் நான்கு டெபாசிட் இருந்தாலும் எல்லாவற்றையும், சேர்ந்த வட்டியையும் கூட்டி 5 லட்சம்தான். வேறு வங்கியில் இருப்பது தனிக்கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு, அவரவர் தனிக் கணக்கிலிருந்து வேறாகப் பார்க்கப்படும்.

இங்கே நம் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பள்ளிவாசல் கட்டட நிதி, மதரஸா நிதி, பைத்துல்மால் என்று மஹல்லாவின் பணம் பெரும்பாலும் ஜமாஅத் பெயரிலேயே ஒரே வங்கியில் கிடக்கிறது. அந்த வங்கி நகரக் கூட்டுறவு வங்கியாகவும் இருக்கலாம். 40 லட்சம் ரூபாய் இருந்தாலும் காப்பீட்டின் கண்ணில் அது ஒரே வாடிக்கையாளர், ஒரே 5 லட்சம். ஊரில் ஆயிரம் பேர் கொடுத்த பணம் என்பதால் ஆயிரம் மடங்கு ஆகாது. பெரிய தொகையை இரண்டு மூன்று வலுவான வங்கிகளில் பிரித்து வைக்க நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

2019 செப்டம்பர் 23-ல் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது முதலில் எடுக்க அனுமதித்தது வெறும் 1,000 ரூபாய். எச்.டி.ஐ.எல். என்ற கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த கடனை மறைக்க 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் தணிக்கை நடந்த வங்கி அது. தணிக்கையாளர்களும் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்களும் பார்த்த புத்தகத்தில் அது தெரியவில்லை. 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மிச்சத்தொகை 10 ஆண்டுகள் வரை தவணைகளில். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே போட்டிருந்த முதியவர்களுக்கு இந்த 10 ஆண்டு என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் துயரத்தின் விளைவாக இரண்டு மாற்றங்கள் வந்தன. கூட்டுறவு வங்கிகளின் நிர்வாகத்தில் தலையிட ரிசர்வ் வங்கிக்கு 2020-ல் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. வங்கி முடக்கப்பட்டால் காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது.

‘வங்கி’ போலத் தெரிவதெல்லாம்

ரிசர்வ் வங்கியின் குடைக்குள் வராதவை நம் ஊர்களில் ஏராளம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஊரில் ‘சொசைட்டி பேங்க்’ என்றே சொல்வோம். அது மாநிலக் கூட்டுறவுத் துறையின் கீழ் வருவது. அங்கே போடும் டெபாசிட்டுக்கு மேற்சொன்ன காப்பீடு இல்லை. ஏலச்சீட்டுக்குப் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளர். ‘நிதி’ என்று பெயர் முடியும் பரஸ்பர நிறுவனங்களுக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். நகைக்கடன் கொடுக்கும் பெரிய நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவைதான், ஆனால் அவற்றில் போடும் டெபாசிட்டுக்கும் காப்பீடு கிடையாது.

இந்த இடைவெளியில்தான் நம் சமுதாயம் பலமுறை ஏமாந்திருக்கிறது. பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் ‘வட்டி இல்லை, ஹலாலான லாபப் பங்கு’ என்று சொல்லிப் பணம் வாங்கியது. வாங்கிய பணத்தை டெபாசிட் என்று சொல்லாமல், பணம் கொடுத்தவரைக் கூட்டாளி என்று பதிவு செய்தது. டெபாசிட் வாங்கும் நிறுவனம் என்ற வகைக்குள் வராதபடி செய்த ஏற்பாடு அது. பல்லாயிரம் குடும்பங்களின் சுமார் 4,000 கோடி ரூபாயோடு 2019 ஜூனில் அது சரிந்தது. அதன் நிறுவனர் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் கைதானார். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நகையை விற்றுப் போட்ட பெண்கள், மகளின் திருமணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டவர்கள்.

யாராவது லாபம் தருகிறேன் என்று பணம் கேட்டால், ரிசர்வ் வங்கி நடத்தும் ‘சசேத்’ என்ற இணையதளத்தில் அந்த நிறுவனம் எந்தக் கண்காணிப்பு அமைப்பிடம் பதிவு பெற்றது என்று பார்க்கலாம், புகாரும் செய்யலாம். பதிவு இருந்தாலும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. நிதி நிறுவனப் பதிவு பெற்றவற்றில் பெரும்பாலானவைக்கு அந்த அனுமதி இல்லை.

வட்டியில்லா வங்கி ஏன் வரவில்லை?

மேலே சொன்ன ஏமாற்றுகளுக்கு ஒரு பின்னணி உண்டு. வட்டியைத் தவிர்க்க நினைப்பவருக்கு இந்திய வங்கித் துறையில் இடம் குறைவு. இது ரிசர்வ் வங்கியின் விருப்பம் மட்டும் அல்ல, சட்டத்தின் அமைப்பும்கூட. வங்கி வாங்கும் டெபாசிட் திருப்பித் தரத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். லாப நட்டப் பங்கு முறையில் நட்டம் வந்தால் டெபாசிட் குறையலாம். வங்கி பொருள்களை வாங்கி விற்கக் கூடாது என்கிறது 8-வது பிரிவு. முராபஹா என்பதே வாங்கி, லாபம் வைத்து விற்பது. தன் உபயோகத்துக்கல்லாத நிலம், கட்டடத்தை நெடுங்காலம் வைத்திருக்கக் கூடாது என்கிறது 9-வது பிரிவு. வீடு வாங்கி வாடகைக்கு விடும் இஜாரா முறைக்கு அது இடிக்கிறது.

2005-ல் அமைந்த ஆனந்த் சின்ஹா குழு, இப்போதுள்ள சட்டத்தில் இது இயலாது என்றது. 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வங்கி முறைக்கு வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015-ல் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்குத் தனிப் பிரிவு தொடங்கலாம் என்றது. 2017 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி பதில் சொன்னது: எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரந்த, சமமான வாய்ப்புகள் இருப்பதால் இந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்களாம். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று என்றுதான் எனக்குப் படுகிறது. வங்கிக் கதவு திறந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் இலங்கையில் 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே மத்திய வங்கியின் உரிமம் பெற்று 2011-ல் அமானா வங்கி தொடங்கியது. மலேசியாவில் 1983-லேயே தனிச் சட்டம் வந்தது. அந்நாட்டு மத்திய வங்கியிலேயே 1997 முதல் ஷரீஅத் ஆலோசனைக் குழு இயங்குகிறது. மத்திய வங்கி உள்ளே கொண்டுவந்தால் மூலதன விதி, ஆய்வு, தணிக்கை எல்லாம் இந்த வங்கிகளுக்கும் பொருந்தும். வெளியே நிறுத்தினால் அந்தத் தேவையை ஐ.எம்.ஏ.க்கள் வந்து நிரப்புகின்றன.

கைக்கு எட்டாத இடம்

அரசு வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் அதிகாரம் தனியார் வங்கிகள் மேல் இருப்பதைவிடக் குறைவு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 2018-ல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் நீரவ் மோடி, மெஹுல் சோக்சி தரப்புக்கு முறைகேடாக உத்தரவாதக் கடிதங்கள் கொடுத்த 13,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடி வெளிவந்தது. அப்போது கவர்னர் உர்ஜித் படேல் வெளிப்படையாகவே பேசினார்: அரசு வங்கிகளின் இயக்குநர்களை நீக்கவோ, உரிமத்தை ரத்து செய்யவோ, கட்டாயமாக இணைக்கவோ தங்களுக்கு அதிகாரமில்லை, உரிமையாளரான அரசிடம்தான் அது இருக்கிறது என்று. அந்த நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அரசு பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில் மக்கள் அரசு வங்கிகளில் பணத்தை வைக்கிறார்கள். அந்த நம்பிக்கை இதுவரை பொய்த்ததில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்குத் தேவையான சில விதிகள்

வீட்டுக்கடனைக் கட்டி முடித்தால் 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அடகு நகையைத் திருப்புவதில் தாமதம் செய்தாலும் அதே 5,000 ரூபாய் என்று 2025 ஜூனில் வந்த நகைக்கடன் விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளின் வரைவுக்குத் தமிழகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

வங்கியோடு தகராறு என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பர் முதல் நாடு முழுவதுக்கும் ஒரே திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நேரடியாக ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதி, ‘முதலில் வங்கியிடம் கேளுங்கள்’ என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் அதிகம்.

நாமினி பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். ஆனால் நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. வாரிசுகளின் பங்கு அதனால் அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாக்கியிருக்கிறது. ஒரு மகனை மட்டும் நாமினியாகப் போட்டிருந்தாலும், மய்யித்தின் மனைவிக்கும் மகள்களுக்கும் ஷரீஅத் சட்டப்படி உள்ள பங்கு அப்படியே நிற்கும்.

பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணத்தை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு வங்கிகள் மாற்றிவிடும். போய்விட்டதே என்று விட வேண்டியதில்லை. வாரிசுகள் எப்போது கேட்டாலும் வங்கி தர வேண்டும். வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் எந்த வங்கியில் கணக்குத் தொடங்கினார் என்பதே தெரியாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் இறந்தவரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை எண், பாஸ்போர்ட் எண், ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இதற்கு உதவும்.